மறு: ‘வேர்ல்ட்பில்டிங்’ – உலகாக்கமா, உலகு கட்டுதலா?

நண்பர்களே, வணக்கம்.

கற்பனை உலகம் ஒன்றை உருவாக்குவதை ஆங்கிலத்தில் ‘வேர்ல்ட்பில்டிங்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘உலகாக்கம்’ பக்கம் ஆதரவு கூடிக்கொண்டே போவதால் கடைசி நேரத்தில் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> உலகம் + ஆக்கம். சுருக்கம், எளிது, அகராதியில் ஏற்றலாம். பலர் சேர்ந்து செய்தால் ‘கூட்டு உலகாக்கம்’.

அகராதியில் ஏறும், சரி. ஆர்.பி.ஜி. (கற்பனைப் பாத்திரங்களாகிக் கதையை வளர்த்து ஆடும் ஆட்டம்) ஆடும் மேசையில் யார் வாயில் ஏறும்? “வாங்க, இன்னிக்கு உலகாக்கம் செய்வோம்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஏதோ வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிற மாதிரி இருக்கிறது. ‘உலகமயமாக்கல்’ கேட்டுப் பழகிய காது நேரே அங்கேதான் போகும். ‘உலகப்படைப்பு’ என்றாலோ பிரம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஒரு செயலுக்குப் பெயர் தேடும்போது வினைச்சொல்லை முதலில் பிடிப்போம், பெயர்ச்சொல் பின்னால் வரட்டும் என்பது என் கட்சி.

என் பரிந்துரை: உலகு கட்டுதல்.

> இது ‘பில்டிங்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. உலகம் என்ன கட்டடமா?

தமிழில் நாம் கட்டுவது வீட்டை மட்டுமா? மெட்டுக் கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம், கூத்துக்கு வேடம் கட்டுகிறோம், மாலை கட்டுகிறோம். ஆங்கில ‘பில்ட்’ இந்த இடங்களுக்கெல்லாம் வராது. எழுப்புவதும் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதும் நமக்கு ஒரே சொல். இந்த ஆட்டங்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பென் ராபின்ஸ் 2011இல் வெளியிட்ட ‘மைக்ரோஸ்கோப்’ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இதில் ஆட்டத்தை நடத்தும் ஆள் கிடையாது. ஒரு பெரிய வரலாறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை எல்லோரும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இந்த உலகத்தில் எது உண்டு, எது இல்லை என்று ஒரு பட்டியலும் போடுகிறார்கள். கலந்துபேசுவது ஏறக்குறைய அதோடு சரி. அப்புறம் தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு காலகட்டத்தையோ நிகழ்ச்சியையோ அட்டையில் எழுதி, ஏற்கெனவே கிடக்கும் அட்டைகளுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் செருகலாம். முன்னால் வைத்ததோடு முரண்படக் கூடாது, அவ்வளவுதான். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. (எங்கள் மேசையில் அதிகம் மீறப்படும் விதியும் அதுதான்.)

போன மாதம் நாங்கள் நால்வர் ஆடினோம். நான் பார்த்துப் பார்த்து ஒரு துறைமுக நகரம் வைத்தேன். அடுத்த முறையிலேயே ஒரு நண்பர் அதைக் கடலுக்குள் அனுப்பிவிட்டார். கோபம்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் காலம் முன்னும் பின்னும் போகும். மூழ்கின நகரத்தில் மூழ்குவதற்கு முந்தைய நூற்றாண்டுகளை நிரப்பிக்கொண்டே இருக்கலாம். கடைசியில் பார்த்தால் எங்கள் வரலாற்றிலேயே அதிக அட்டை விழுந்தது அந்த நகரத்தின் கீழேதான். இதை ‘ஆக்கம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் போட்ட முடிச்சை அவிழ்க்காமல் அடுத்தவர் தன் முடிச்சைப் போடுகிறார், கட்டுதல்தான் இது.

இப்போது ‘கூட்டு’ என்ற முன்னொட்டு. கூட்டறிக்கை, கூட்டுறவு, கூட்டமைப்பு எல்லாவற்றிலும் ‘அனைவரும் ஒப்புக்கொண்டோம்’ என்ற வாசனை இருக்கிறது. இங்கே அந்த ஒப்புதலே கேட்கப்படுவதில்லை. ஏவரி ஆல்டரின் ‘தி கொயட் இயர்’ (2013) இன்னும் கறார். 52 சீட்டு, சீட்டுக்கு ஒரு வாரம். சிறு சமூகம் ஒன்றின் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து வரைய வேண்டும். அதில் ‘கலந்துரையாடல்’ என்று ஒரு நகர்வு உண்டு. ஆளுக்கு ஓரிரு வாக்கியம் சொல்லலாம், முடிவு மட்டும் எடுக்கக் கூடாது! தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று தோன்றினால் ஒரு வில்லையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம், மனத்தாங்கலுக்கு அடையாளமாக. இதைப் போய்க் ‘கூட்டு’ என்றால் ஆடியவர்கள் சிரிப்பார்கள். ஆகவே ‘கூடிக் கட்டுதல்’. கூடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் அது சொல்கிறது, ஒத்துப்போனார்கள் என்று சொல்வதில்லை. ஊர்கூடித் தேர் இழுத்தல் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோழி ஒருவர் தொல்காப்பியத்திலிருந்து ‘திணை அமைத்தல்’ என்று எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள். புது உலகத்தின் ஓர் ஊரை நிரப்ப இதைவிட நல்ல பட்டியலை எந்த ஆட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. போன ஆட்டத்தில் ‘இந்த ஊர்ப் பறை எப்படி ஒலிக்கும்?’ என்ற ஒரு கேள்வியே அரைமணி நேரம் ஓடியது. ஆனால் திணை புலவருக்கு மரபாகக் கிடைத்தது. இங்கே மரபையே அன்றைக்குத்தான் தொடங்குகிறோம். மேலும் திணை என்றதும் மாணவர்களுக்கு உயர்திணையும் அஃறிணையும் வந்து நிற்கும். ‘கருப்பொருள்’ என்றாலும் இன்று பலருக்குக் கதையின் மையக்கருத்துதான் தோன்றும். ஆக, பட்டியலை எடுத்துக்கொள்வோம், பெயர் வேண்டாம்.

என் சொல்லிலும் ஓட்டை உண்டு. ‘கதை கட்டுகிறான்’ என்றால் புளுகுகிறான் என்று அர்த்தம். கட்டுக்கதையும் பக்கத்திலேயே நிற்கிறது. புனைவு ஆட்டத்துக்கு அது பெரிய கெடுதல் இல்லை என்று நினைக்கிறேன். பெயர்ச்சொல்தான் இடிக்கிறது. ‘உலகக்கட்டு’ என்றால் பூமிக்கு அடிபட்டுத் துணி சுற்றியது போல இருக்கிறது. ‘உலகுகட்டல்’ எழுத்தில் பரவாயில்லை, பேச்சில் நாக்கு தடுக்குகிறது. இதற்கு யாரிடமாவது நல்ல வழி இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டம், மேசையில் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.