லேபர் லா சிறப்புப் பாடம்: இன்டர்ன்ஷிப்பில் இன்னும் 12 வாரம் பாக்கி, எப்படி முடிப்பது?

நாலாமாண்டு கோவை:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. படிக்கிறேன், இப்போது எட்டாவது செமஸ்டர். அப்பா 22 வருடம் மில்லில் வேலை பார்த்தவர். அதனாலேயே தொழிலாளர் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன். இப்போது அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பார் கவுன்சில் கணக்குப்படி மொத்தம் 20 வாரம் வேண்டும். சிறப்புப் பாடத்துக்காக அதில் 8 வாரம் தொழிலாளர் சட்டத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் தனி நிபந்தனை. இரண்டாம் ஆண்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 4 வாரம் போனேன், அதில் சிக்கல் இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு நூற்பாலையின் எச்.ஆர். பிரிவில் தொடர்ந்து 6 வாரம் இருந்தேன். அதில் 4 வாரம்தான் கணக்கில் வரும், அதுவும் சிறப்புப் பாடத்துக்குச் சேராது என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். தினமும் செய்ததை எழுதிவைக்கும் இன்டர்ன்ஷிப் டைரியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் கோடு.

ஆக 8 வாரம் முடிந்தது, 12 பாக்கி. கையில் இருப்பது ஒரு வருடம். ஓர் ஆண்டுக்கு 4 வாரம்தான் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு முடிக்கவே முடியாதே? 2,000 ரூபாய் கொடுத்தால் வக்கீலிடம் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு சீனியர் மாணவர். செய்ய மனமில்லை, ஆனால் பயமாக இருக்கிறது.

கோர்ட் வாசல் (லேபர் கோர்ட் வக்கீல்):

முதலில் அந்த 2,000 ரூபாய் விஷயத்தை மறந்துவிடும்மா. பொய்ச் சான்றிதழோடு தொழிலுக்குள் வந்தால் வாழ்நாள் முழுக்க அது பின்னால் வரும். உனக்கு அந்தத் தேவையும் இல்லை.

பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள் 2008, விதி 25-ஐ நீயே எடுத்துப் படி. மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். எந்த ஆண்டிலும் "தொடர்ச்சியாக" 4 வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அதில் இருக்கும் வாசகம். உன் 6 வாரத்தில் 2 வாரம் வெட்டுப்பட்டது இதனால்தான், அது சரியான முடிவு. ஆனால் ஆண்டுக்கே 4 வாரம்தான் என்று அதில் எழுதவில்லை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தடவை போவதற்கு அந்தச் சொல் இடம் தருகிறது. 5 ஆண்டு, 20 வாரம், வகுத்தால் 4 வருகிறதே என்று சில கல்லூரிகள் அப்படியே வைத்துக்கொண்டுவிட்டன. முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுது. விதி 25-ஐ மேற்கோள் காட்டி, மே மாதம் ஒரு 4 வாரம், நவம்பர் நடுவில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று தேதியோடு கேள். பதிலை எழுத்தில் வாங்கு. வாய்மொழியாகச் சரி என்றால் நம்பிக் கிளம்பாதே.

அப்புறம், முழுப் படிப்புக் காலத்தில் ஒரு தடவையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வக்கீல்களிடம் இருந்திருக்க வேண்டும். அது உன் கணக்கில் இன்னும் இல்லை. லேபர் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடத்தும் ஒருவரைப் பிடித்தால் இரண்டு தேவையும் ஒரே இடத்தில் தீரும். லேபர் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து ரிட் மனு உயர் நீதிமன்றத்துக்குத்தானே போகிறது.

படிச்சு முடிச்ச அக்கா:

மே மாதம் எங்கே போகிறாய் என்பதில் கவனமாக இரு. உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. எனக்கு அது தெரியாமல் சென்னைக்குப் பையோடு போய் இறங்கி, முதல் வாரம் முழுக்க சீனியர் ஆபீஸில் பழைய வழக்குக் கட்டுகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும். தொழிலாளர் துறை அரசு அலுவலகம் என்பதால் சமரசப் பேச்சுவார்த்தையும் நடக்கும். உயர் நீதிமன்றத்தை நவம்பருக்கு வைத்துக்கொள். டிசம்பர் என்று தள்ளிப்போட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறை குறுக்கே வந்துவிடும்.

சங்கத் தோழர்:

தங்கச்சி, சமரசப் பேச்சுவார்த்தையை அவசியம் பார். அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 36(3) பிரிவே அதைத் தடுத்திருந்தது. ஒரு பக்கம் நிர்வாகத்து ஆள், மறுபக்கம் நாங்கள், நடுவில் உதவி ஆணையர். லேபர் கோர்ட்டிலேயேகூட எதிர்த்தரப்பு சம்மதமும் கோர்ட் அனுமதியும் இல்லாமல் வக்கீல் வர முடியாது என்பதால் எங்கள் சங்க நிர்வாகிகள் பலர் நேரடியாகவே வழக்கு நடத்துவார்கள். குறுக்கு விசாரணை செய்ய அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கையெழுத்து உன் டைரிக்குச் செல்லாமல் போகலாம், அதனால் ஒரு வக்கீலின் கீழ் சேர்ந்துகொண்டு எங்களோடு வா. அதிகாரியிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடு.

நாலாமாண்டு கோவை:

ரொம்ப நன்றி, இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒரு சந்தேகம். என் டைரியில் என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. "காலை 10 மணிக்கு அலுவலகம் சென்றேன். பி.எஃப். படிவங்களைச் சரிபார்த்தேன். மாலை 5 மணிக்குத் திரும்பினேன்." இப்படித்தான் 6 வாரமும் எழுதியிருக்கிறேன். நடந்தது அதுதானே?

கோர்ட் வாசல்:

நடந்தது அதுதான், ஆனால் அதில் சட்டம் எங்கே இருக்கிறது? வருகைப் பதிவேட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்வதை விதி 25 ஏற்றுக்கொள்கிறது. உன்னைத் தடுத்தது இடம் இல்லை, டைரி. அதே பி.எஃப். படிவத்தில், ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சந்தா கட்டும் பொறுப்பு யாருடையது என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் கதையே வேறு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தொழிலாளி என் ஆபீஸுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மஞ்சப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் நாலாக மடித்தவை, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. என்னிடம் இன்டர்ன்ஷிப்பில் இருந்த மாணவனிடம் தேதி வாரியாக அடுக்கச் சொன்னேன். சஸ்பென்ஷன் உத்தரவு, சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்), கம்பெனியின் உள்விசாரணை நோட்டீஸ், விசாரணை அறிக்கை, டிஸ்மிஸ் உத்தரவு. அடுக்கி முடித்ததும் அவனே கேட்டான்: "சார், சார்ஜ் மெமோ இங்கிலீஷில் இருக்கிறது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாதே?" அங்கேதான் வழக்கு ஆரம்பிக்கிறது. உள்விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைத்தான் கோர்ட் முதலில் பார்க்கும். சஸ்பென்ஷன் காலத்துக்கான பிழைப்பூதியம் கொடுத்தார்களா என்று அடுத்ததாகக் கேட்டேன். 1981-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். அவருக்கு ஒரு பைசா வரவில்லை. பிழைப்பூதியம் இல்லாமல் விசாரணைக்கு எப்படிப் பஸ் ஏறி வருவார்?

அன்றைக்கு அந்தப் பையன் டைரியில் எழுதியது ஒன்றரைப் பக்கம். கட்சிக்காரர் என்ன சொன்னார், எந்தக் காகிதம் விடுபட்டிருந்தது, அடுத்து என்ன தாக்கல் செய்யப் போகிறோம், ஏன். தொழிலாளியின் பெயரை எழுதவில்லை, "அ" என்று மட்டும் குறித்திருந்தான். நீயும் அப்படியே செய். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது வெளியே போகக் கூடாது.

சட்ட ஆசிரியர்:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்டர்ன்ஷிப் வாரக் கணக்கும் நான்காவது கிளினிக்கல் பாடமும் (செய்முறைப் பயிற்சிப் பாடம்) ஒன்றோடொன்று பிணைந்தவை. அந்தப் பாடத்தில் மூட் கோர்ட்டுக்கு (மாதிரி நீதிமன்ற வாதம்) 30, விசாரணை பார்த்ததற்கு 30, கட்சிக்காரரைப் பேட்டி காண்பது, வழக்குத் தயாரிப்பு, டைரி ஆகியவற்றுக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10 மதிப்பெண். விசாரணையில் ஒரு சிவில் வழக்கும் ஒரு கிரிமினல் வழக்கும் பார்த்திருக்க வேண்டும். லேபர் வழக்கை மட்டுமே பார்த்துவிட்டு இந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். தொழிற்சாலை ஆய்வாளர் தொடுக்கும் வழக்கு கிரிமினல்தானே என்று கேட்பாய். அதில் பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவார்கள், சாட்சி விசாரணையே நடக்காது. மே மாதத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு சாதாரணக் கிரிமினல் வழக்கை சாட்சியின் முதல் விசாரணையிலிருந்து குறுக்கு விசாரணை வரை உட்கார்ந்து பார்த்துவிடு.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழில் தகராறுகள் சட்டம், தொழிற்சங்கச் சட்டம், நிலையாணைச் சட்டம் மூன்றும் தொழிலுறவுத் தொகுப்பு 2020-க்குள் போய்விட்டன. ஆனால் வக்கீல் ஆபீஸில் நீ பிரிக்கும் பழைய கட்டுகளில் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ, 33சி(2), 17பி பிரிவுகள் என்றுதான் இருக்கும். டைரியின் கடைசிப் பக்கத்தில் பழைய பிரிவு, புதிய பிரிவு என்று இரண்டு பத்தி போட்டு நீயே நிரப்பிக்கொண்டு வா. வாய்மொழித் தேர்வில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

படிச்சு முடிச்ச அக்கா:

கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனியரிடம் கடைசி நாள் மொத்தமாக நீட்டாதே, வாராவாரம் சனிக்கிழமை வாங்கு. என் சீனியர் கடைசி வாரம் ஊரில் இல்லாமல் போய், அந்த ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை அலைந்தேன். பத்து வருடமாவது அனுபவம் உள்ளவராகப் பார்த்துக்கொள், கல்லூரியில் கேள்வி வராது.

நாலாமாண்டு கோவை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விண்ணப்பம் கொடுத்தேன். கமிட்டியில் பேசிவிட்டு, நடுவில் வகுப்புக்கு வந்திருந்தால் ஓராண்டில் இரண்டு தடவை போகலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். மே மாதம் கோவையில் ஒரு லேபர் வக்கீலிடம் 4 வாரம், கூடவே சமரசமும் ஒரு கிரிமினல் விசாரணையும். நவம்பரில் சென்னையில் 4 வாரம். இதிலேயே சிறப்புப் பாடத்தின் 8 வாரம் முடிகிறது. பிப்ரவரியில் மறுபடி சட்டப் பணிகள் ஆணைக்குழு. தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் படித்தேன், அங்கே அப்படி வரும் மனுக்களைக் கேட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னதும் பீரோவிலிருந்து தன் பழைய சார்ஜ் மெமோவை எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று: கோர்ட்டுக்கு வக்கீல்கள் கட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டை போட வேண்டுமா?

கோர்ட் வாசல்:

வேண்டாம், அது வக்கீலுக்கு மட்டும். உனக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கால் மூடிய கறுப்பு ஷூ. மே மாத வெயிலில் கோட்டைக் கையில் எடுத்துப் போய் கோர்ட் வாசலில் மாட்டிக்கொள். அப்பாவின் மெமோவை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, முதல் நாளே உன் சீனியரிடம் காட்டு.