பட்ட மரத்தடியில் பாசம் பார்க்க

இரவுலாவி:
ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குக் கிழக்கே உள்ள மலைக்காடுகளில் லெட்பீட்டர் பாசத்தைப் (possum, இரவில் உலவும் சிறிய மரவாழ் பைப்பாலூட்டி; பெயரைத் தமிழில் எழுதினால் அன்பு சொட்டுகிறது!) பார்க்க டார்ச் வேண்டாம். பகலிலேயே பொந்துள்ள பட்ட மரம் ஒன்றைக் கண்டுவைத்து, அதன் உச்சி வானத்தில் நிழலாகத் தெரியும் இடத்தில் உட்காருங்கள். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போதே போய்விட வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு ஆள். நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. 100 முதல் 160 கிராம் எடைதான். வாட்டில் (அங்குள்ள வேல இனச் செடி) புதருக்குள் ஒரே தாவலில் மறைந்துவிடும். கூட்டமாக வாழும் பிராணி, ஒன்று வெளியே வந்ததும் எண்ணத் தொடங்குங்கள்.

வால்நுனி:
எண்ணுவதில்தான் பிசகு வரும். சுகர் கிளைடர் என்று சொல்லிப் பழகிய சறுக்கியும் இதே பொந்துகளில் குடியிருக்கும். முதுகுக் கோடு இரண்டுக்கும் உண்டு, அதை நம்ப வேண்டாம். வாலைப் பாருங்கள்: பாசத்தின் வால் நுனிப்பக்கம் அகன்று கதாயுதம் மாதிரி இருக்கும். கிளைடர் தோல்சவ்வை விரித்து மிதந்து போகும்; இது தாவித்தான் போகும்.

அசைவு கண்டால் தானே படமெடுக்கும் கேமரா வைப்பவர்கள் கயிற்றில் ஏறி, பாசம் ஓடும் உயரத்திலேயே கட்ட வேண்டும். எதிர்மரத்தில் தேன் இரை. நடுவில் தொங்கும் இலைகளைக் கழிக்காவிட்டால், காற்றில் ஆடும் இலையே மெமரி கார்டை நிரப்பிவிடும்.

பட்டைநார்:
பார்ப்பது இருக்கட்டும், குடியிருக்க இடம் எங்கே? 1961-இல் எரிக் வில்கின்சன் மேரிஸ்வில் பக்கம் மறுபடி கண்டுபிடிக்கும்வரை இது அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1939 தீயில் பட்டுப்போன பெருமரங்களின் பொந்துகளும், அந்தத் தீக்குப் பின் அடர்ந்து முளைத்த வாட்டிலின் பிசினும்தான் இதை வாழவைத்தன. அந்தப் பட்ட மரங்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. மவுண்டன் ஆஷ் என்ற உயரமான யூக்கலிப்டஸ் மரத்தில் தகுந்த பொந்து விழ 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடுந்தீ பட்டால் அந்த மரம் மறுபடி துளிர்க்காது. விதையிலிருந்துதான் முளைக்க வேண்டும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2009 தீ அப்படித்தான் செய்தது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசுக் காடுகளில் வணிக மரவெட்டு 2024 தொடக்கத்தில் நின்றது நல்ல செய்திதான், ஆனால் பொந்து நாளைக்கே வந்துவிடாது.

அதனால்தான் கூட்டுப்பெட்டி, அதாவது பொந்துக்குப் பதிலாக மரத்தில் மாட்டும் பெட்டி. ஈரக்காட்டில் மெல்லிய பலகை சீக்கிரம் உளுத்துப்போகும். தடித்த சுவர் வைத்தால் குளிரும் வெயிலும் குறையும். வாசல் சிறியதாக இருக்க வேண்டும், வேறு பெரிய பாசம் இனங்கள் நுழையக் கூடாது. ஆணியை இறுக அடித்துவிட்டு மறந்தால், மரம் பருக்கப் பருக்கப் பெட்டி பிய்ந்து விழும். தேனீ குடியேறினால் அந்தப் பெட்டி போனதுதான். சங்கிலி ரம்பத்தால் மரத்திலேயே பொந்து குடைவதும் உண்டு. அது ஏறத் தெரிந்த மரக்காரரின் வேலை.

சோதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். நீண்ட கம்பில் சிறு கேமரா கட்டி வாசல் வழியாக எட்டிப் பாருங்கள். நார்நாராகக் கிழித்த மரப்பட்டை உருண்டையாகக் கிடந்தால் லெட்பீட்டர் பாசங்கள் வந்திருக்கலாம். பச்சை இலை மட்டும் அடுக்கியிருந்தால் பெரும்பாலும் கிளைடர்.