விஎன்ஏவில் அளந்த 3 போர்ட் டிவைடரை க்யூக்ஸில் வைத்தால் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது

இரட்டை_யாகி கேட்டது:

வணக்கம். 145 மெகாஹெர்ட்ஸில் இரண்டு யாகி ஆன்டெனாக்களைச் சேர்த்து ஒரே ரிசீவருக்குக் கொண்டுவர ஒரு வில்கின்சன் டிவைடர் (சிக்னலை இரண்டாகப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் சுற்று) செய்திருக்கிறேன். 75 ஓம் ஆர்ஜி-59 கேபிளில் 34 செ.மீ. துண்டுகள் இரண்டு, நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர், மூன்று பிஎன்சி சாக்கெட், எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள்.

போர்ட் 1 ரிசீவர் பக்கம்; 2, 3 ஆன்டெனா பக்கம். நானோவிஎன்ஏவில் (சிக்னல் அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் சிறு கருவி) 1-2, 1-3, 2-3 என்று ஜோடி ஜோடியாக அளந்தேன். சும்மா இருக்கும் போர்ட்டில் 50 ஓம் லோடு போட்டேன். கிடைத்த மூன்று எஸ்2பி ஃபைல்களையும் (இரண்டு போர்ட் அளவீடுகள்) எக்செலில் ஒட்டி ஒரு எஸ்3பி (மூன்று போர்ட்) ஆக்கி, க்யூக்ஸ்-எஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் வைத்தேன். போர்ட் 1இல் கொடுத்தால் 2, 3 இரண்டிலும் -3.2 டிபி, அருமை. ஆனால் எனக்கு வேண்டியது எதிர்த்திசை. ஆன்டெனா பக்கமிருந்து கொடுத்தால் போர்ட் 1இல் எதுவுமே வரவில்லை. போர்ட் 2இன் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு குறைவு என்பது) ஒழுங்காகத் தெரிகிறது, போர்ட் 3க்கு கிராஃபில் கோடே இல்லை. பெட்டியை ரேடியோவில் மாட்டினால் இரண்டு ஆன்டெனாவும் நன்றாகவே கேட்கிறது. எங்கே தப்பு?

சாலிடர்மணி:

இதற்கு ஏன் அளந்த ஃபைல்? இரண்டு டிரான்ஸ்மிஷன் லைன், ஒரு ரெசிஸ்டர், வரைந்தால் முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான்.

ஓய்வுபெற்ற_டிபி:

மணி சொல்வதும் சரிதான், முதலில் வரைந்து பார்த்துவிட வேண்டும். ஆனால் வரைந்த படத்தில் தகரப் பெட்டி கிடையாது, ரெசிஸ்டரின் கால் நீளம் கிடையாது. அளந்ததை உள்ளே வைக்கத் தெரிந்திருப்பது நல்லது.

இரட்டை_யாகி, உங்கள் டிவைடரில் கோளாறு இல்லை. ஃபைலில் பாதி இடம் பூஜ்யம். நானோவிஎன்ஏ ஒரே திசையில்தான் அளக்கும். சிஎச்0 வழியாக அனுப்பி, அங்கேயே திரும்பி வருவதையும் சிஎச்1இல் போய்ச் சேர்வதையும் பார்க்கும். ஆக எஸ்11 (1இல் கொடுத்து 1இலேயே திரும்புவது), எஸ்21 (1இல் கொடுத்து 2இல் வருவது) இரண்டுதான் கிடைக்கும். எஸ்2பி ஃபைலுக்கு நான்கு வேண்டுமே என்று நானோவிஎன்ஏ-சேவர் மென்பொருள் மற்ற இரண்டு இடத்திலும் 0 எழுதிவிடும். அளக்காததால் போட்ட 0 என்று சிமுலேட்டருக்கு எப்படித் தெரியும்? அந்தத் திசையில் சிக்னல் போகாது, அந்தப் போர்ட்டில் எதுவும் திரும்பாது என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்தது டிவைடர், ஃபைலில் இருப்பது ஐசொலேட்டர், அதாவது ஒருவழிப் பாதை. போர்ட் 3க்குக் கோடு இல்லாததும் அதனால்தான். பூஜ்யத்துக்கு டிபி மதிப்பு ஏது?

இப்படி அளந்து பாருங்கள். சிஎச்0ஐ 1இலும் சிஎச்1ஐ 2இலும் மாட்டினால் எஸ்11, எஸ்21. அடுத்து 2இலிருந்து 3க்கு: எஸ்22, எஸ்32. கடைசியாக 3இலிருந்து 1க்கு: எஸ்33, எஸ்13. வட்டமாகச் சுற்றி வந்தால் மூன்று இணைப்பிலேயே ஆறு கிடைத்துவிடும். கேபிளும் ரெசிஸ்டரும் மட்டும் உள்ள பெட்டி என்பதால் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. எஸ்12க்கு எஸ்21ஐயும், எஸ்23க்கு எஸ்32ஐயும், எஸ்31க்கு எஸ்13ஐயும் அப்படியே வையுங்கள். உள்ளே ஆம்ப்ளிஃபையரோ சர்க்குலேட்டரோ (சிக்னலை ஒரே திசையில் சுற்றவிடும் சாதனம்) இருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது.

எக்செலை விட்டுவிடுங்கள். பைத்தானில் சைக்கிட்-ஆர்எஃப் என்ற நூலகம் இருக்கிறது, அதிர்வெண்ணுக்கு ஒரு 3×3 அணி நிரப்பினால் எஸ்3பியை அதுவே எழுதித் தரும். கையால் எழுதியே தீருவேன் என்றால் வரிசையைக் கவனியுங்கள். எஸ்3பியில் எஸ்11, எஸ்12, எஸ்13 என்று அணியின் வரி வரியாகப் போகும். எஸ்2பியில் மட்டும் எஸ்11, எஸ்21, எஸ்12, எஸ்22. இந்த ஃபைல்களுக்கான பழைய டச்ஸ்டோன் வடிவத்தின் பிடிவாதம் இது. 2009இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த வரிசையை ஃபைலிலேயே சொல்ல ஒரு தனிச் சொல் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்கள் பெட்டிக்கு இதனால் வித்தியாசம் வராது. ஆம்ப்ளிஃபையர் ஃபைலில் மாற்றிப் போட்டால் கெயின் பின்பக்கமாகப் போகும்.

ஃபைல் தயாரானதும் ஒரு கூட்டல் போடுங்கள். முதல் நெடுவரிசையின் மூன்று எண்களின் அளவையும் (டிபியில் அல்ல) வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1க்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 0.5க்குப் பக்கத்தில். ஒரே ஆன்டெனாவிலிருந்து வரும் சக்தியில் பாதி அந்த 100 ஓமில்தான் எரிகிறது. அங்கேயும் 1 வந்தால் ரெசிஸ்டரின் சாலிடரைப் பாருங்கள். எங்காவது 1ஐத் தாண்டினால் கேலிப்ரேஷன் போய்விட்டது.

இரட்டை_யாகி:

சார், மிக்க நன்றி. சுற்றி அளந்தேன், இப்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. கூட்டலும் 0.96, 0.49, 0.48. ஆனால் 2-3 ஐசொலேஷன் (ஒரு ஆன்டெனா போர்ட்டிலிருந்து மற்றதுக்குக் கசிவது) -22 டிபிதான். மணி அண்ணா சொன்னபடி வரைந்து பார்த்தால் -30 வருகிறது. இன்னொன்று: ப்ரீஆம்புக்கு (முன்பெருக்கி) மின்சாரம் இந்த டிவைடர் வழியாகத்தான் போகிறது. சிமுலேஷனில் ப்ரீஆம்ப் செத்துக் கிடக்கிறது.

சாலிடர்மணி:

அந்த 50 ஓம் லோடு மேல் சந்தேகம். 1-2இலும் 1-3இலும் எஸ்11ஐ அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக வந்தால் லோடு நல்லது.

ஓய்வுபெற்ற_டிபி:

சந்தேகம் சரி, சோதனைதான் உதவாது மணி. முதல் தடவை 3இல் லோடு, 2இல் சிஎச்1. அடுத்த தடவை இரண்டும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். டிவைடர் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் லோடு எவ்வளவு மோசமானாலும் எஸ்11 ஒன்றாகவே வரும்.

கணக்கைப் பார்ப்போம். வில்கின்சனுக்கு உரியது 70.7 ஓம். 75 ஓம் கேபிள் போட்டால் போர்ட் 1இல் 56.25 ஓம் தெரியும், எஸ்11 சுமார் -24.6 டிபி. ஐசொலேஷன் -30.6. மற்றதெல்லாம் கச்சிதமாக இருந்தாலே இவ்வளவுதான். இப்போது லோடின் ரிட்டர்ன் லாஸ் 20 டிபி என்று வையுங்கள், அதாவது 0.1 திரும்புகிறது. 2-3 அளக்கும்போது அது போர்ட் 1இல் இருக்கிறது. 2இலிருந்து 1க்குப் போய், லோடில் பட்டு, 3க்கு வருவது 0.05. உண்மையான ஐசொலேஷனோ 0.03தான் (அந்த -30.6 டிபி). இரண்டும் ஒரே கட்டத்தில் (ஃபேஸில்) சேர்ந்தால் 0.08, அதாவது -22. உங்கள் எண்ணே அது. எதிர்க்கட்டத்தில் சேர்ந்திருந்தால் -34 வந்திருக்கும், நீங்களும் மகிழ்ச்சியாகப் பெட்டியை மூடியிருப்பீர்கள்.

லோடைத் தனியாக சிஎச்0இல் மாட்டி அளங்கள். 30 டிபிக்குக் குறைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, 1% எஸ்எம்டி 100 ஓம் இரண்டை ஒரு பிஎன்சி பின்னால் இணையாக (பேரலலில்) ஒட்டுங்கள். 145க்கு அது தாராளம். எஸ்11க்கு சிஎச்1உம் ஒரு லோடுதான், அதன் முன் 10 டிபி அட்டென்யுவேட்டர் மாட்டி, அதோடு சேர்த்தே கேலிப்ரேட் செய்யுங்கள். லோடின் குறையை அளந்து அணிக்கணக்கில் நீக்கும் வழியை டிப்பெட், ஸ்பெஷியாலே இருவரும் 1982லேயே சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு நல்ல லோடே சுலபம்.

மின்சாரம்: க்யூக்ஸில் எஸ்3பி ஃபைலைக் காட்டும் பெட்டியின் பண்புகளில் 'ட்யூரிங்-டிசி' என்று ஒன்று இருக்கும். 'ஓப்பன்' என்றால் டிசிக்கு வழியே இல்லை. 'ஷார்ட்' வையுங்கள், போர்ட்டுகள் ஒன்றோடொன்று இணையும். அவசரத்தில் 'ஷார்ட்ஆல்' வைத்துவிடாதீர்கள். அது ரெஃப் முனையையும் (எல்லாப் போர்ட்டுக்கும் பொதுவான, கிரவுண்டில் கட்டும் முனை) சேர்த்துக் கட்டிவிடும், உங்கள் 12 வோல்ட் நேரே கிரவுண்டுக்குப் போகும்.

நீள்கம்பி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரெஃப் முனை என்றதும் ஒரு கேள்வி. டைபோலுக்கு ஒரு பலூனை (கோஆக்ஸையும் இரு கை ஆன்டெனாவையும் இணைக்கும், கேபிள் உறையில் மின்னோட்டம் கசியாமல் தடுக்கும் சாதனம்) எஸ்2பியாக அளந்து வைத்திருக்கிறேன். அதையும் இப்படியே போடலாமா? ரெஃப்பை எங்கே சேர்ப்பது?

ஓய்வுபெற்ற_டிபி:

போடலாம், ஆனால் பலூன் எதற்காக இருக்கிறதோ அதை மட்டும் அது காட்டாது. எஸ்2பி பெட்டிக்கு இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ரெஃப். நீங்கள் அளந்தபோது பலூனின் ஒரு கையை விஎன்ஏவின் வெளி உறையில் வைத்திருப்பீர்கள், அதாவது கிரவுண்டில். டைபோலில் அந்தக் கை கிரவுண்டில் இல்லை. கோஆக்ஸின் வெளியுறையில் எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்ற தகவல் அந்த ஃபைலில் எங்குமே கிடையாது.

பலூனை 3 போர்ட்டாக அளங்கள்: கோஆக்ஸ் பக்கம் 1, ஒரு கைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2, மறு கைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 3. மேலே சொன்ன அதே சுற்று. க்யூக்ஸில் ரெஃப்பை கிரவுண்டில் கட்டி, டைபோலை 2க்கும் 3க்கும் நடுவே மாட்டுங்கள். டைபோலின் ஒவ்வொரு கைக்கும் தரைக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸையும் தோராயமாகவாவது வரையுங்கள். அது இல்லாவிட்டால் பொது மின்னோட்டம் (இரு கைகளிலும் ஒரே திசையில் ஓடி உறை வழியே கசிவது) ஓடவே வழியில்லாமல், எந்தப் பலூனும் சிமுலேஷனில் நல்ல பலூனாகவே தெரியும்.