கலைச்சொல்: கப்பலேறுகை, கரையிறங்குகை

நண்பர்களே,

சொகுசுக் கப்பல் பயணிகளின் பாதுகாப்பு குறித்த சொற்பட்டியலைப் பார்த்தேன். 'எம்பார்க்கேஷன்', 'டிஸ்எம்பார்க்கேஷன்' இரண்டுக்கும் 'ஏற்றம்', 'இறக்கம்' என்று போட்டிருக்கிறது. சுருக்கம்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. சரக்கை ஏற்றுகிறோம், ஆள் தானே ஏறுகிறார். ஏற்றுமதி, இறக்குமதி என்று துறைமுகத்தில் அந்தச் சொற்களைச் சரக்கு எப்போதோ பிடித்துக்கொண்டது. 'ஏற்றத்தின்போது காயம்' என்று படித்தால் கிரேனுக்கு அடியில் நின்ற தொழிலாளிதான் நினைவுக்கு வருவார். எனவே 'கப்பலேறுகை', 'கரையிறங்குகை' என்று முன்மொழிகிறேன். ('இறங்கல்' என்றும் சொல்லலாம். ஆனால் தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் 'இரங்கல்' ஆகிவிடும். விபத்து பற்றிய ஆவணத்தில் அது வேண்டாமே.)

> எல்லாம் துறைமுகத்தில் நடப்பதுதானே? 'துறைமுக விபத்து' என்று ஒரே சொல் போதாதா?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். போதாது. பொறுப்பு யாருடையது என்பதே காயம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கடல்வழிப் பயணிகள் பற்றிய 1974 ஏதென்ஸ் உடன்படிக்கை, பயணி கப்பலில் இருக்கும் நேரத்தையும் ஏறி இறங்கும் நேரத்தையும் 'பயணம்' என்ற வரையறைக்குள் வைக்கிறது. முனையத்திலோ, துறைமேடையிலோ, துறைமுகத்தின் வேறு கட்டுமானங்களிலோ அவர் இருக்கும் நேரத்தை வெளியே விட்டுவிடுகிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே போடும் நடைவழியான கேங்வேயில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டால் கப்பல் நிறுவனத்திடம் இந்த உடன்படிக்கையின்படி கேட்கலாம். நாலடி தள்ளி, துறைமேடையில் கிடந்த கயிறு தடுக்கி விழுந்தால் அந்த வழி இல்லை. துறைமுக நிர்வாகமா, முனையத்தை நடத்துபவரா, யாரைக் கேட்பது என்பதை உள்ளூர்ச் சட்டம் சொல்லும். ஏதென்ஸ் உடன்படிக்கையைத் திருத்தி 2002-இல் எழுதி 2014-இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை (புரோட்டோகால்) இழப்பீட்டு வரம்புகளை நன்றாகவே உயர்த்தியது. இந்த எல்லைக்கோட்டை நகர்த்தவில்லை.

கேங்வேக்கு 'நடைபாலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சாலையைக் கடக்கும் பாலத்தோடு குழம்பும். கடல்மட்டம் ஏறி இறங்க இதன் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் சமமாக இருந்தது மாலையில் செங்குத்தாக நிற்கும். 'ஏறுபாலம்' என்றால் அந்தச் சாய்வும் சொல்லிலேயே தெரியும்.

'டெண்டர்' என்று அப்படியே எழுதினால் எல்லோரும் ஒப்பந்தப்புள்ளியைத்தான் நினைப்பார்கள். நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடுவது என்பதால் 'இடைப்படகு' எனலாம். இதுவும் சட்டத்துக்கு வேண்டிய சொல்தான்: படகுக் கட்டணம் பயணச்சீட்டிலேயே அடங்கியிருந்தாலோ, படகைக் கப்பல் நிறுவனமே தந்திருந்தாலோ, அந்த நேரமும் பயணக் கணக்கில் சேரும்.

அப்புறம் 'டியூட்டி ஆஃப் கேர்', அதாவது பயணிக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளக் கப்பல் நிறுவனத்துக்கு உள்ள கடமை. பட்டியலில் இருக்கும் 'கவனக் கடமை', பயணிதான் கவனமாக இருக்க வேண்டும் என்பதுபோல ஒலிக்கிறது. கடமை எதிர்ப்பக்கத்தில் அல்லவா இருக்கிறது! 'காப்புக் கடமை' என்போம். அதன் கிளையாக 'எச்சரிப்புக் கடமை' தனியே வேண்டும். அமெரிக்கா ஏதென்ஸ் உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கே 1985-இல் புளோரிடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பயணிகள் இறங்கிப் பார்க்கப்போகும் ஊரில் தனக்குத் தெரிந்த ஆபத்து இருந்தால் கப்பல் நிறுவனம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. கரையிறங்கியதும் கைகழுவிவிட முடியாது என்பதற்கு அதைக் காட்டுவார்கள்.

'லயபிலிட்டி'க்கு வழக்கிலுள்ள 'பொறுப்புடைமை' சரிதான், மாற்ற வேண்டியதில்லை. கரைச்சுற்றுலா நடத்துபவரைத் 'தனி ஒப்பந்தக்காரர்' என்றால் போதும்.

இன்னும் ஒன்றுதான் தீரவில்லை. ஏதென்ஸ் உடன்படிக்கையில் காயத்துக்கு வழக்குப் போட இரண்டாண்டு கெடு. அதை விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. பயணி இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பயணத்தின்போது இறந்துவிட்டால் அவர் இறங்கியிருக்க வேண்டிய நாளிலிருந்து. முதலாவதற்குக் 'கரையிறங்கு நாள்' பொருந்தும். இரண்டாவதற்கு 'கரையிறங்கவிருந்த நாள்' என்பதுவரைதான் என்னால் வர முடிந்தது. நீளமாகத்தான் இருக்கிறது. இதைவிடக் கச்சிதமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.