ஜாவா: 301 வழியாக எச்டிடிபிஎஸ்-க்குப் போவதைச் சோதிக்கச் சான்றிதழ் – உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜாவா 17. பழைய எச்டிடிபி யுஆர்எல் கனெக்ஷன், எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்குத் தானாகத் தாவாது. 301-ஐ (‘முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது’ என்ற சர்வர் பதில்) அப்படியே கையில் கொடுத்துவிடும். அதனால் ஜாவா 11-இல் வந்த எச்டிடிபி கிளையன்ட்டுக்கு மாறுகிறோம். அதிலும் ரீடைரக்டை (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதை) ‘நார்மல்’ என்று வைத்தால்தான் பின்தொடரும்.

சோதனைக்கு லோக்கல்ஹோஸ்ட்டில் இரண்டு சர்வர்: ஒன்று 301 தரும், இன்னொன்று டிஎல்எஸ்-இல் (எச்டிடிபிஎஸ்-இன் குறியாக்கம்) 200, அதாவது ‘சரி’ என்ற பதில், தரும். போர்ட் 0 கொடுத்து (காலியான போர்ட்டைச் சிஸ்டமே தரும்), கிடைக்கிற எண்ணை, போகவேண்டிய முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெட்டரில் சேர்க்கிறோம். போஸ்ட்டுக்கு 308-ஐ (கோரிக்கையின் வகையை மாற்றாத ரீடைரக்ட்) தனியாகச் சோதிக்கிறோம். 301 என்றால் போஸ்ட் கோரிக்கை கெட் ஆகிவிடும்.

சிக்கல் சான்றிதழில்தான். ஜாவாவோடு வரும் சான்றிதழ்க் கருவியான கீடூலில் காலம் குறிப்பிடாவிட்டால் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அப்புறம் கோடில் ஒரு வரிகூட மாறாமல் டெஸ்ட் விழக்கூடும். சான் (SAN: சான்றிதழ் செல்லுபடியாகும் பெயர்களின் பட்டியல்) பகுதியில் லோக்கல்ஹோஸ்ட் இல்லையென்றால் ஹோஸ்ட்நேம் சரிபார்ப்பில் உடையக்கூடும். எந்தச் சான்றிதழையும் நம்பிவிடும் டிரஸ்ட் மேனேஜர் (சான்றிதழை ஏற்பதா என்று முடிவுசெய்யும் பகுதி) வேண்டவே வேண்டாம்: தவறான சான்றிதழைப் பிடிக்கவேண்டிய டெஸ்ட்டே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சான்றிதழைப் புதிதாக உருவாக்கி, அந்த டெஸ்ட்டின் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட்டுக்கு (டிஎல்எஸ் அமைப்புகளை வைத்திருக்கும் பொருள்) மட்டும் கொடுக்க நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்? பவுன்சி காஸில் என்ற வெளி குறியாக்க லைப்ரரியைச் சேர்க்காமல் முடியுமா? டெஸ்ட்டுக்குள்ளிருந்தே கீடூலை ஓட்டுபவர்கள் இருந்தால், கட்டளையை அப்படியே பதிலில் போடுங்கள்.