மைனஸ் சி போடாத ஆர்சிங்க் அரைகுறையா?

கொதிகலன்: "இரண்டு யுனிக்ஸ் சர்வர்களுக்கு இடையே ஆர்சிங்க் ஓட்டும்போது மைனஸ் சி போடாதவர், மாறிய கோப்புகளைத் தவறவிடுவார்" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆர்சிங்க் என்பது மாறிய கோப்புகளை மட்டும் மறுமுனைக்கு நகலெடுக்கும் கருவி. மைனஸ் சி போட்டால் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். போடாவிட்டால், கோப்பின் அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் ஒத்துப்போனால் ஆர்சிங்க் அதைத் தொடாது. இரண்டில் ஒன்று வேறுபட்டாலும் எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் என்ன வேண்டும்? என்னிடம் இருப்பது 2 டெராபைட். வட்டு விநாடிக்கு 150 மெகாபைட் படித்தால், மைனஸ் சி போட்ட பாவத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம் வாசிப்பிலேயே போய்விடும். அதுவும் இரண்டு முனையிலும்.

நெல்லிக்காய்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். வெராகிரிப்ட் கொள்கலன், அதாவது பல கோப்புகளை உள்ளே பூட்டி வைக்கும் ஒரே மறையாக்கக் கோப்பு, கேள்விப்பட்டதுண்டா? திறந்து எழுதி மூடினாலும் அளவு மாறாது. இயல்பான அமைப்பில் திருத்திய நேரமும் மாறாது. உங்கள் ஆர்சிங்க் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்துபோகும்.

கொதிகலன்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? அந்தக் கோப்புக்கு மட்டும் மைனஸ் சி போட்டுத் தனியாக ஓட்டுங்கள்.

நெல்லிக்காய்: ஆக, மைனஸ் சி தேவை என்று ஒப்புக்கொண்டீர்கள்.

கொதிகலன்: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரவுப்பணி: மைனஸ் சி இல்லாவிட்டால் வழியில் கோப்பு சிதைந்தாலும் தெரியாதே ஐயா?

கொதிகலன்: வந்துவிட்டார் அடுத்தவர். மறுமுனையில் கோப்பைக் கட்டி முடித்ததும் அதன் சரிபார்ப்புத் தொகையை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணை, ஆர்சிங்க் ஒப்பிட்டே தீரும். மைனஸ் சி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எந்தக் கோப்பை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே மைனஸ் சி. ட்ரிட்ஜெல்லும் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட கருவி இது. இத்தனை வருடத்தில் கையேட்டை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

செங்கல்: மைனஸ் டி மறந்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படிப் புலம்புவார்கள். அது இல்லாமல் அனுப்பினால் திருத்திய நேரம் கூடப் போகாது. மறுநாள் எல்லாக் கோப்பும் மாறியது போலவே தெரியும். பல விருப்பங்களை ஒன்றாகச் சேர்க்கும் மைனஸ் ஏ போட்டால் டியும் சேர்ந்தே வந்துவிடும்.

நெல்லிக்காய்: கையேட்டைப் பற்றி யார் பேசுவது? மூலப் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோட்டைக் கூடுதலாக வைத்து, மூலத்தில் இல்லாததை மறுமுனையில் அழிக்கும் டெலிட்டும் போட்டு, மறுமுனையில் இருந்த மற்ற அடைவுகளை எல்லாம் துடைத்துவிட்டு, இதே இடத்தில் வந்து அழுதவர் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

கொதிகலன்: அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அதற்கும் மைனஸ் சிக்கும் என்ன சம்பந்தம்?

இரவுப்பணி: அடைவு அல்ல, கோப்புறை.

செங்கல்: அடைவுதான். கோப்புறை என்றால் உறை மாட்டித் தலையணையா வைத்திருக்கிறோம்?

கொதிகலன்: டைரக்டரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 டெராபைட், மூன்றே முக்கால் மணி நேரம். இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நெல்லிக்காய்: கொள்கலனுக்கு நீங்கள் சொன்னீர்களா?