எஃப்இ-செம் கருவியை ஸ்காலர்கள் கையில் கொடுக்கலாமா? எப்படிப் பழக்குவது?

புதுப்பொறுப்பு:

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் வேலை பார்க்கிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) நிதியில் எங்களுக்கு ஒரு எஃப்இ-செம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு வகை) வந்து, அதன் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஆபரேட்டர் ஒரே ஒருவர், அவரும் ஒப்பந்தப் பணியாளர். முன்பதிவுப் பட்டியலோ நீண்டுகொண்டே போகிறது.

இப்போது நடப்பது இதுதான்: ஸ்காலர் ஒரு சின்னக் குப்பியில் பவுடர் கொண்டுவருவார். ஆபரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அண்ணா, இன்னும் கொஞ்சம் ஜூம்" என்பார். படங்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கருவியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஸ்காலர்களையே ஓட்டப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். துறைத்தலைவர் "கோடிக்கணக்கில் போட்டு வாங்கியது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்கிறார். கருவியை நிறுவ வந்த பொறியாளர் கொடுத்த பயிற்சி, எந்தப் பட்டனுக்கு அடுத்து எந்தப் பட்டன் என்பதோடு முடிந்துவிட்டது. முறையாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது? எப்போது தனியாக விடுவது?

லேப்அக்கா:

சார், நான் ஒரு மத்தியக் கருவி மையத்தில் டெக்னிக்கல் ஆபீசர். டங்ஸ்டன் இழை போட்ட பழைய செம் காலத்திலிருந்து இதே வேலை. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மௌஸைக் கடைசியில் கொடுங்கள்.

பயிற்சி என்று அறிவித்தால் நம் ஊரில் காலை முழுக்க ஸ்லைடு ஓடும். 1931இல் பெர்லினில் ரூஸ்காவும் நோலும், 1986இல் நோபல், அப்புறம் காந்த லென்ஸ் படம். மதியம் டீ முடிந்து முப்பது பேர் கருவியைச் சுற்றி நின்று ஆபரேட்டரின் முதுகைப் பார்ப்பார்கள். சான்றிதழ், குரூப் போட்டோ, முடிந்தது. அதையும் நடத்துங்கள், ஆண்டறிக்கைக்கு உதவும். பயிற்சிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

நான் தொடங்குவது சாம்பிள் மேஜையில். ஒரு நேரத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. கையுறை கட்டாயம், விரல் எண்ணெய் பட்ட இடத்தை பீம் (எலக்ட்ரான் கற்றை) கருப்புச் சதுரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் கார்பன் டேப்பில் பவுடரைக் குவித்துக் கொண்டுவருவார்கள். ஒட்டாத தூள் எல்லாம் சேம்பருக்குள் (கருவியின் வெற்றிட அறைக்குள்) பறக்கக் காத்திருக்கிறது. ஸ்டப்பை (சாம்பிள் ஒட்டிய சின்ன உலோகத் தாங்கியை) சாய்த்துப் பிடித்து ரப்பர் பல்பால் ஊதச் சொல்வேன். பாதி போய்விடும், முகம் வாடிவிடும். "போனால் போகட்டும்மா, நீ பார்க்கப்போவது நாலு மைக்ரான் இடம்தானே" என்பேன். நானோ துகள் என்றால் இப்படித் தூவவே வேண்டாம். எத்தனாலில் கொஞ்சமாகக் கலந்து, சோனிகேட்டரில் (ஒலியலையால் துகள்களைப் பிரிக்கும் கருவியில்) வைத்து, சிலிக்கான் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, நன்றாக உலர்ந்த பிறகு வா என்று அனுப்பிவிடுவேன்.

அதே மேஜையில் ஒரு சின்ன காந்தத்தை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். ஃபெரைட், மேக்னடைட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். குப்பிக்கு வெளியே காந்தத்தைக் கொண்டுபோனாலே உள்ளே தூள் சிலிர்த்துக்கொண்டு எழும். எழுந்தால் அன்றைக்கு அது உள்ளே போகாது. ரெசினில் பதித்துக் கொண்டுவந்தால் பேசலாம். தூளாகவே விட்டு, காந்தமான அப்ஜெக்டிவ் லென்ஸ் இழுத்து அதன் முனையில் (போல்பீஸில்) ஒட்டிக்கொண்டால், உங்கள் துறைத்தலைவர் பயப்படுவது நடந்துவிடும்.

அடுத்தது உயரம். ஒரே ஹோல்டரில் நாலு ஸ்டப் இருந்து ஒன்று மட்டும் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டையானதைப் பார்க்க ஸ்டேஜை மேலே ஏற்றிவிட்டு, பிறகு பக்கவாட்டில் நகர்த்தினால் உயர்ந்தது நேராகப் போய் டிடெக்டரில் முட்டும். அதனால் எது உயரமோ அதைத்தான் முதலில் ஃபோகஸ் செய்ய வேண்டும். சேம்பர் கேமராவைப் பார்க்காமல் ஸ்டேஜை ஏற்றினால் எழுந்துபோகச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் பீம். ஆரம்ப அமர்வுகளில் சொந்த சாம்பிள் கிடையாது. இதில் நான் இறங்கி வருவதே இல்லை. கார்பன் மேல் தங்கத் துகள் படிந்த சோதனை சாம்பிள்தான். சொந்த சாம்பிள் என்றால் படம் சரியாக வராதபோது "சிந்தசிஸ் சரியில்லை மேடம்" என்பார்கள். தங்கத்தின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ஃபோகஸை முன்னே தள்ளினால் துகள் ஒரு திசையில் நீள்கிறது, பின்னே தள்ளினால் அதற்குச் செங்குத்தாக நீள்கிறது, இதை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். அது ஆஸ்டிக்மேட்டிசம், பீம் வட்டமாக இல்லாத குறை. எந்தப் பக்கமும் நீளாத நடு இடத்துக்கு வந்து, அந்தக் குறையைச் சரிசெய்யும் எக்ஸ் ஸ்டிக்மேட்டர் குமிழைத் திருப்பிக் கூர்மை பார்த்து, பிறகு ஒய். நம் ஆட்கள் மூன்று குமிழையும் சேர்த்து உருட்டுவார்கள், ரேடியோவில் இலங்கை வானொலி தேடுகிற மாதிரி. ஃபோகஸை மாற்றும்போது படம் பக்கவாட்டில் ஆடினால் அது வேறு சங்கதி: அபர்ச்சர் (பீம் நுழையும் சிறு துளை) மையத்தில் இல்லை. அப்போது ஸ்டிக்மேட்டரைத் தொடக் கூடாது, வாப்லரை (ஃபோகஸைத் தானாக முன்னும் பின்னும் ஆட்டும் வசதியை) போட்டு அபர்ச்சரைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த இரண்டையும் பார்த்ததும் பிரித்துச் சொல்கிறவர், நான் பக்கத்தில் இருக்கும்போது சொந்த சாம்பிளை வைத்துக்கொள்ளலாம்.

வாக்குவம்கேஜ்:

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், பழகிய ஸ்காலர் தீசிஸ் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த ஆளுக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஆபரேட்டருக்கு இரட்டை வேலை. அதற்குப் பதில் நல்ல ஆபரேட்டர் ஒருவரை நிரந்தரமாகப் போடச் சொல்லிப் போராடுங்கள் சார். ஐஐடி மெட்ராஸின் பொதுக் கருவி மையமான சைஃபில் வெளியாட்கள் சாம்பிள் கொடுத்து முடிவு வாங்குகிறார்களே, அவர்களுடைய ஆராய்ச்சி என்ன கெட்டுப்போய்விட்டதா?

பனித்தமிழன்:

நான் ஸ்வீடனில் போஸ்ட்டாக். இங்கே ஆபரேட்டர் வைத்து எடுத்துக் கொடுப்பதுதான் அபூர்வம். பயன்படுத்துகிறவரே ஓட்ட வேண்டும். முதலில் அலுவலக நேரத்துக்கு மட்டும் அனுமதி. தேறினால் அதே நுழைவு அட்டையில் இரவும் வார இறுதியும் திறந்துவிடுவார்கள். நீண்டநாள் வராவிட்டால் மறுபடி ஒருமுறை பொறுப்பாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வாக்குவம்கேஜ் சொல்கிற "அடுத்த ஆள்" பிரச்சினை இங்கேயும் உண்டு. முதல் சுற்றை மூத்த ஸ்காலர்களே சொல்லிக்கொடுப்பதால் தாங்குகிறது.

புதுப்பொறுப்பு சாருக்கு ஒரு யோசனை: மைக்ராஸ்கோபி ஆஸ்திரேலியா நடத்தும் மைஸ்கோப் என்ற இணையதளம் இலவசம். செம், டெம் (பீம் சாம்பிளை ஊடுருவிச் செல்லும் எலக்ட்ரான் நுண்ணோக்கி), எடாக்ஸ் (எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களைக் கண்டறிவது) எல்லாவற்றுக்கும் உலாவியிலேயே ஓடும் சிமுலேட்டர் இருக்கிறது. கேவி (பீமை முடுக்கும் மின்னழுத்தம்), வொர்க்கிங் டிஸ்டன்ஸ் (லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் இடையே உள்ள தூரம்), ஸ்டிக்மேட்டர் எல்லாம் மாற்றிப் பார்க்கலாம், எதுவும் உடையாது. அதை முடித்துவிட்டு வந்தால்தான் லேபுக்குள் விடுவேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஆபரேட்டரையும் இளம் ஆசிரியர் ஒருவரையும் முதலில் வெளியே அனுப்பிப் பழக்கலாம். ஐஐஎஸ்சியும் ஐஐடி பம்பாயும் ஐஎன்யூபி என்ற நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தில் வெளி நிறுவன ஆராய்ச்சியாளர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தந்திருக்கின்றன.

புதுப்பொறுப்பு:

மிக்க நன்றி. சிமுலேட்டரை இன்றைக்கே பார்க்கிறேன். மேடம், தேறிவிட்டார் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? டெம் வாங்கும் பேச்சும் இருக்கிறது, அதற்கும் இதே வழிதானா?

லேப்அக்கா:

முதலில் வாக்குவம்கேஜ் சாருக்கு. சாம்பிள் கொடுத்துப் படம் வாங்குவதில் குறையில்லை, என்ன வேண்டும் என்று எழுதிக்கொடுக்கத் தெரிந்தால். அதற்கே ஒருமுறையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரு பெண் ஹைட்ராக்சிஅபடைட் (ஒரு கால்சியம் பாஸ்பேட்) கொண்டுவந்தாள். வேறு இடத்தில் மின்னூட்டம் தேங்காமலிருக்கத் தங்கம் பூசி, எடாக்ஸ் எடுத்து, கால்சியம்-பாஸ்பரஸ் விகிதத்தை அட்டவணையாக வாங்கி வைத்திருந்தாள். 1.67 வர வேண்டியது எங்கேயோ நின்றது. கைடு சிந்தசிஸைக் குறை சொல்லி, மறுபடி மறுபடி செய்ய வைத்திருக்கிறார். ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பார்த்தால், பாஸ்பரஸ் முகடு 2.01 கேஇவி, தங்கத்தின் எம் முகடு 2.12. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மென்பொருள் தன்னால் முடிந்த அளவுக்குப் பிரித்து, இரண்டு தசமத்தில் அழகாக எண் கொடுத்துவிட்டது. கார்பன் பூசி எடுத்தோம், பாஸ்பரஸ் தனியாக நின்றது. தங்கம் பூசியவர் மேல் தப்பில்லை. அவருக்குப் படத்துக்கா எடாக்ஸுக்கா என்று யாரும் சொல்லவில்லை. இரும்பு தேடுகிறேன் என்று வந்து 5 கேவி கேட்பவர்களும் இதே ரகம். இரும்பின் கே முகடு 6.4இல் இருக்கிறது, 5ஐ வைத்து அதை எப்படி எழுப்புவது?

சரி, தேர்வு. அவர் வருவதற்கு முன்னால் அபர்ச்சரையும் ஸ்டிக்மேட்டரையும் நானே கலைத்து வைத்துவிடுவேன். எதுவும் பூசாத எலக்ட்ரோஸ்பின் பாலிமர் இழை ஒன்றைக் கொடுத்து, பத்திரிகைக்கு அனுப்பும் தரத்தில் ஒரு படம் கேட்பேன். 15 கேவியில் மின்னூட்டம் தேங்கி இழை வெள்ளையாக மின்னி, கோடு கோடாக இழுத்து, படமே நகரும். அங்கே என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். கேவியை 1, 2 என்று இறக்கிப் பார்க்கிறவர் தேறிவிட்டார். "கோட்டிங் போட்டுத் தாங்க மேடம்" என்பவர் இன்னும் கொஞ்சம் பழகட்டும். கடைசியில் ஏன் இந்த கேவி, ஏன் இந்த டிடெக்டர் என்று நாலு வரி கைப்பட எழுத வேண்டும். வைவாவில் அதே கேள்வி வரும்போது எனக்கு போன் செய்து நன்றி சொல்வார்கள் (எல்லோரும் இல்லை).

தனியாக விட்டாலும் முதலில் பகலில்தான், நான் அடுத்த அறையில் இருக்கும்போது. லாக்புக்கில் உள்ளே வைத்தது என்ன, வாக்குவம் எவ்வளவு, ஏதாவது முட்டியதா என்று எழுத வேண்டும். எழுதினால் திட்டு கிடையாது, மறைத்தால் அனுமதி போய்விடும்.

டெம் வேறு கதை சார். 3 மில்லிமீட்டர் கிரிட்டை இடுக்கியால் விளிம்பில் பிடிக்கவே கை பழக வேண்டும். பெட்டிக்குள் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லி, கார்பன் படலம் கிழியாமல் இருக்கிறதா என்று ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஹோல்டரைச் செருகுவதும் அப்படித்தான்: பம்ப் முடிவதற்குள் திருப்பினால் பீம் செல்லும் வெற்றிடக் குழாய்க்குள் காற்று போய்விடும். கிரிட் இல்லாத ஹோல்டரை வைத்துப் பழக்குங்கள், அதுவும் செம்மில் தேறியவர்களை மட்டும்.

உங்கள் எஃப்இ-செம்மில் இன்-லென்ஸ் டிடெக்டர் (லென்ஸுக்குள்ளேயே இருப்பது) இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் வொர்க்கிங் டிஸ்டன்ஸ் பாடத்தைக் கொஞ்சம் மாற்றி நடத்த வேண்டியிருக்கும். எங்கள் லாக்புக் பக்கத்தின் மாதிரியைத் தட்டச்சு செய்து நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.